மலருக்கு அவுட் கிடையாது

கம்ப்யூட்டர் வாத்தியார் என்றால் இன்றைக்கு மரியாதை. எண்பதுகளின் கடைசியில் திண்டிவனத்தில் அவன் டைப்ரைட்டிங் வாத்தியாருக்கும் ஒரு படி கீழே. சைக்கிள் கடை மாடியில் ஒரு டிவி, அதோடு மாட்டிய ஒரு கீபோர்டு, இதுதான் எங்கள் சென்டர். இதே பொழைப்பில் மாட்டிக்கொண்டு முழித்தவர்களே, உங்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

வேலைக்கு இல்லையாம்

எல்லாரும் வேலை கிடைக்கும் என்று வந்து சேர்வார்கள். ஏழுமலை விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டர். வேலை ஏற்கெனவே இருந்தது. காக்கிச் சட்டையோடு வந்து உட்கார்ந்தவரிடம் உமக்கு எதற்கய்யா இந்த வம்பு என்று கேட்டேன். பத்து வயது மகள் மலருக்குப் போலியோவாம். சுவரைப் பிடித்து நிற்கும், இரண்டடி வைப்பதற்குள் விழும். தெருப் பிள்ளைகள் கட்டம் போட்டுப் பாண்டி ஆடும்போது ஓரத்தில் உட்கார்ந்திருக்குமாம். அதுக்காக டிவியில் ஓடுகிற ஒரு பாண்டி ஆட்டத்தை இவர் தன் கையாலேயே செய்ய வேண்டுமாம்.

"காலால ஆட முடியாது சார். வெரலாலயாவது ஆடட்டும்."

எல்லாம் ஒரே குப்பை

ஆள் கெட்டிக்காரர்தான். ஆனால் எழுதிய புரோகிராமைப் பார்த்தால் தலை சுற்றும். பட்டனைத் தட்டுவது, பொம்மை தாண்டுவது, கோட்டை மிதித்தால் அவுட் ஆவது, எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று படுத்துவிடும். ஒருநாள் பொம்மை கட்டத்தை விட்டே ஓடி டிவி ஓரத்தில் போய் நின்றுகொண்டது. எனக்கு வந்ததே கோபம்! ஒவ்வொரு வேலையையும் தனித்தனித் துண்டாகப் பிரித்து எழுதுங்கள், மேலே நாலு வரி நின்று வேண்டிய துண்டை வேண்டிய நேரத்தில் கூப்பிட்டால் போதும் என்று கத்தினேன். ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டார்.

"நானே டிரைவர், நானே கண்டக்டர், நானே செக்கிங்னு எழுதிக்கினு இருந்திருக்கேன் சார். வண்டி எங்க போவும்?"

ஒரு வரி

பிரித்து எழுதியதும் ஆட்டம் ஜோராக ஓடியது. பட்டனைத் தட்டினால் பொம்மை ஒற்றைக் காலில் அடுத்த கட்டத்துக்குத் தாவும். தட்டுவது தப்பினால் கோட்டை மிதித்து விழும், அவுட். மறுநாள் மலரைக் கூட்டிவருவதாக ஏற்பாடு. அப்போது பார்த்து, விழுவதை மட்டும் எடுத்துவிடலாமா என்றார். பிரித்து வைத்ததில் இது ஒரு சௌகரியம்: அவுட் துண்டைக் கூப்பிடுகிற ஒரு வரியை அழித்தால் தீர்ந்தது, அப்புறம் எப்படித் தட்டினாலும் ஜெயம்தான். விளையாட்டு என்றால் தோற்கவும் வேண்டாமா என்று இழுத்தேன்.

"அது வுழுவுறத தெனம் பாத்துக்கினுதான் சார் இருக்கேன். டிவிலயும் பாக்கணுமா?"

ஞாயிற்றுக்கிழமை

அந்த வரியை அழித்துவிட்டோம். ஏழுமலை மகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். முதல் கட்டம் தாண்டியதும் மலர் சிரித்த சிரிப்புக்கு சைக்கிள் கடைக்காரரே மேலே வந்து எட்டிப் பார்த்தார். அப்புறம் ஒருமுறை தட்டுவது தப்பியது. பொம்மை கோட்டின் மேலேயே நின்றது, விழவில்லை. வேண்டுமென்றே இன்னொரு தரம் தப்பாகத் தட்டிப் பார்த்தாள். விழவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒப்புக்குச் சப்பாணி உங்களுக்குத் தெரியாததா? சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் கணக்கில் கிடையாது, அவுட்டும் கிடையாது. தெருவில் மலரை அப்படித்தான் வைத்திருந்தார்களாம். ஓரத்தில் உட்கார்ந்தபடி அவள் சில்லு எறிவாள், அவளுக்காக வேறொருத்தி தாண்டுவாள். "தெருவுலயும் எனக்கு அவுட்டு இல்ல. இங்கயும் இல்லையாப்பா?" என்று கேட்டாள். அழித்த வரியை நான்தான் திரும்ப அடித்தேன். மூன்றாவது கட்டத்தில் பொம்மை குப்புற விழுந்தது. ஏழுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். மலர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இங்க பாருப்பா. நான் அவுட்டு."

ஆடினவள் தோற்றதற்கு அப்பனும் வாத்தியாரும் சேர்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்ற ஆட்டம், திண்டிவனத்தில் அநேகமாக அது ஒன்றுதான்.