ஒரு கதவு, இரண்டு அடுப்பு

தேனாம்பேட்டையில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு அந்த அம்மா காலையிலேயே வந்துவிட்டார். உடைந்த மூக்குக் கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். ஆற்றங்கரையிலிருந்து வேறிடத்துக்கு மாற்றப்படுகிறவர்களில் யாருக்கெல்லாம் புது வீடு என்று சொல்லும் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. கட்டைவிரல் நகத்தை ஒவ்வொரு வரியின் கீழும் வைத்து, ஒன்றையும் தாண்டாமல் படித்தார்.

"என் தம்பி பேரு கீது, என் பேரு இல்லியே சார்?"

பட்டியலைத் தயாரித்தவன் நான். கணக்கெடுப்பில் ஆளுக்கு ஒரு வரி இருந்தது. எஸ்.க்யூ.எல். என்ற கணினி மொழியில் அவற்றைக் கதவு எண்படி சேர்த்து, வீட்டுக்கு ஒரு வரியாக மாற்றியிருந்தேன். குடும்பத் தலைவர் என்ற பத்தியில் ஒரு பெயர்தான் நிற்கும். இரண்டு வந்தால் அகரவரிசையில் கடைசிப் பெயரை மட்டும் எடுக்கும்படி எழுதியிருந்தேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கதவு எண்தானேம்மா?"

"கதவு ஒண்ணுதான் சார். அடுப்பு ரெண்டு. எழுதிக்கினு போன பொண்ணு அதையும் கேட்டுச்சே."

கணக்கெடுக்கப் போன பெண் கேட்டுத்தான் இருந்தாள். ஒரே கதவுக்குள் தனித்தனியாகச் சமைக்கும் குடும்பங்களைப் பிரித்துக் காட்டும் அடுப்பு எண் என்ற பத்தியைத் தேவையில்லை என்று விட்டவன் நான்தான். அதையும் சேர்த்து மறுபடி ஓட்டியதும் அவர் பெயர் தனி வரியில் வந்தது. திரையைத் திருப்பிக் காட்டினேன். தன் பெயரைப் பார்த்துவிட்டு, நகத்தை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

"மத்த வூட்டுக்கும் பாத்தியா நைனா?"

அப்போதுதான் பார்த்தேன். மேலும் பதினோரு பெயர்கள் புதிதாக வந்திருந்தன. அவர்களில் ஒருவர்கூட எங்களிடம் வந்து கேட்டதில்லை.

அவர் கேட்டிருக்காவிட்டால் நான் பார்த்திருப்பேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.