கெண்டைக்காலில் மூன்று பல் தடம்

எங்கள் பக்கத்தில் நாய்க்கடியைப் பார்த்தாலே ஆள் யாரென்று சொல்லிவிடலாம். கையில் கடி என்றால் நாய்ச்சண்டையை விலக்கப் போன ஆம்பளை. கன்னத்தில் என்றால் நாய் உயரமே இருக்கிற குழந்தை. கெண்டைக்காலில், அதுவும் பின்பக்கம் என்றால் சந்தேகமே வேண்டாம், எங்களைப் போல் மீன் விற்கப் போகிறவள்தான். தலையில் ஓலைக் கடகம் இருக்கும். அதிலிருந்து வடிகிற மீன் தண்ணீர் முதுகு வழியே காலுக்கு இறங்கும். அந்த வாடைக்கு ஊர் நாயெல்லாம் பின்னாலேயே வரும். நாங்களோ குனியவும் முடியாது, சட்டென்று திரும்பவும் முடியாது.

மண்டபத்திலிருந்து கடலை விட்டு உள்ளே இருக்கிற கிராமங்களுக்கு வரிசையாக நடப்போம். கடைசியில் வருகிறவளுக்குத்தான் கடி. சுதந்திரம் வந்து சில வருஷம் இருக்கும், நான் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தேன். அத்தை, அதாவது என் மாமியார், என்னை நடுவில் தள்ளிவிட்டுத் தான் கடைசிக்குப் போனார். மகராசி, யாரையும் கேட்டுச் செய்கிற ஆளில்லை.

ஒரு நாள் ஒரு சுண்ணாம்புக் காரை வீட்டு வாசலில் செவலை நாய் ஒன்று அவர் காலைக் கவ்விவிட்டு ஓடியது. மண்டபத்து டாக்டர் சொன்னார்: "பத்து நாள் அந்த நாயைக் கவனிம்மா. அது செத்துட்டா உடனே ராமநாதபுரம் போய் வயித்துல ஊசி போடணும். போடலேன்னா உன் உயிருக்கு யாரும் பொறுப்பில்ல."

மறுநாளே அந்த வீட்டு முன்னால் நின்றோம். வீட்டுக்கார அம்மா எங்களை வாசலிலேயே நிறுத்தி, கட்டிக் கிடந்த செவலை நாயைக் காட்டினார்.

"இந்தா, நல்லாத்தானே நிக்குது, மீன்காரி."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அத்தை ஒரு சாளை மீனை எடுத்து உயரத் தூக்கிக் காட்டினார். நாய் அண்ணாந்து வாயைப் பிளந்தது. உற்றுப் பார்த்துவிட்டுத் தன் காலைத் திருப்பிக் காட்டினார். மேலே இரண்டு பல் தடம், கீழே ஒன்றுதான்.

"என்னையக் கடிச்சதுக்குக் கீழ்ப்பல்லு ஒண்ணு இல்ல தாயி. இதுக்கு முழுசா இருக்கு. அது எங்கன?"

அந்த அம்மா அழத் தொடங்கினார். கட்டிக் கிடந்தது அதே நிறத்து வேறு நாய்; கடித்த நாய் அன்று காலையில்தான் நுரை தள்ளிச் செத்திருக்கிறது. அதற்கு முன்பே அவருடைய சின்ன மகளையும் கன்னத்தில் கடித்திருக்கிறது.

"வயித்துல ஊசி போட்டா பச்சப்புள்ள தாங்குமா? பச்சிலை அரைச்சுக் குடுத்திருக்கோம். வெளிய தெரிஞ்சா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருவாகன்னு பயந்துட்டேன்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் பிள்ளையை மறைக்க என் அத்தை சாக வேண்டுமா? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயெடுத்தேன். அத்தை கையமர்த்தினார்.

"அழுகைய அப்புறம் வச்சுக்க. புள்ளையத் தூக்கிட்டு வா தாயி, பஸ்ஸு வந்துரும்."

எங்கள் நிழல்கூடப் படாமல் ஒதுங்குகிற வீட்டுப் பிள்ளை, வழியெல்லாம் அத்தையின் மீன்வாடை மடியில் தூங்கியது. தினமும் போய் முழு ஊசியும் போட்டு இருவருமே பிழைத்தார்கள். ஆனால் என்னால் மறக்க முடியாதது அந்த முதல் ஊசி.

அதைக் கண்டதும் குழந்தை வீரிட்டது. "இங்க பாரு ஆத்தா, டாக்டரு எனக்குக் கிச்சுக்கிச்சு மூட்டப் போறாரு" என்று அத்தை முந்திக்கொண்டு படுத்தார். ஊசி வயிற்றில் இறங்க இறங்க விழுந்து விழுந்து சிரித்தார். பிள்ளை அழுகையை விட்டு வேடிக்கை பார்த்தது, பிறகு தானும் சிரித்தது. சேலைக்குக் கீழே அத்தையின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அவர் நகம் பதிந்த இடத்தில் ரத்தம் கசிந்தது.