காற்று வரும் திசை

வானிலை அலுவலகத்தின் தரவுப் பிரிவில் அவளை ரயிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கணினியில் ஒவ்வொரு அளவுக்கும் அவள் வைக்கும் பெயர் ரயில் மாதிரி பெட்டி பெட்டியாக நீளும். மற்றவர்கள் 'மழை' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அவளோ அது பெய்த மழையா, பெய்யப்போகிற மழையா, ஒரு மணி நேரத்துக்கா, ஒரு நாளைக்கா என்று குடைந்தெடுப்பாள். கேள்வி கேட்டே உயிரை எடுக்கிறாள் என்று பேச்சு. எடுக்கட்டுமே, அதற்குத்தானே சம்பளம்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒருமுறை விட்டுக்கொடுத்தாள். பொதுமக்கள் செல்போனில் பார்க்கும் பக்கத்தில் 'காற்று வரும் திசை' இரண்டு வரியாக உடைகிறது, பார்க்க நன்றாக இல்லை, 'காற்றுத் திசை' போதும் என்றார் பிரிவுத் தலைவர். எல்லோரோடும் மல்லுக்கட்டி அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று 'வரும்' என்ற சொல்லைத் தன் கையாலேயே எடுத்தாள்.

அடுத்த மாதம் ஊர்க்கோடியில் குப்பைமேடு தீப்பிடித்தது. அதற்குக் கிழக்கே, இரண்டு தெரு தள்ளி, அவள் தங்கையின் வீடு. தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. மத்தியானம் தங்கையின் கணவர் போன் செய்தார். புழுக்கமாக இருக்கிறதென்று ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கியிருக்கிறாள், வீடு முழுக்கப் புகை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றார். புகை மேற்கே போகும் என்று செல்போனில் உங்கள் ஆபீஸ் போடும் பக்கத்தில் பார்த்தாளாமே என்றும் கேட்டார். ரயிலக்கா அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். 'காற்றுத் திசை: மேற்கு' என்றுதான் போட்டிருந்தது. மேற்கிலிருந்து வரும் காற்று என்று அர்த்தம். தங்கை அதை மேற்கே போகும் காற்று என்று படித்திருக்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

'வரும்' என்ற சொல்லை நின்றபடியே திரும்பச் சேர்த்துவிட்டு, யாரிடமும் அனுமதி கேட்காமல் கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் தங்கைக்கு மூச்சு ஒருவழியாகச் சீராகியிருந்தது. ரயிலக்கா கட்டிலோரம் உட்கார்ந்து, தான் ஒரு சொல்லை எடுத்ததையும் அதனால் வந்த வினையையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். தங்கை முகத்திலிருந்த மாஸ்க்கை நகர்த்தினாள்.

"தீயணைப்புக்காரங்க மைக்ல ஜன்னலைச் சாத்தச் சொல்லிட்டுத்தான் போனாங்க. நான்தான் சாத்தல. எங்கக்கா எழுதினா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

ரயிலக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.