ஓட்டச் சங்கமும் கிருஷ்ணாயில் வரிசையும்

டிரில் மாஸ்டர் ஹபீபுர் ரஹ்மானுக்கு மூக்கின் மேல் கோபம் என்று மயிலாப்பூரில் அந்தச் சின்ன ஆரம்பப் பள்ளி முழுக்கப் பேச்சு. கோபம் வராமல் என்ன செய்யும்? யுத்த காலத்தில், அரிசிக்கே ஆலாய்ப் பறக்கிற ஊரில், காலை வேளையில் பிள்ளைகளைக் கடற்கரை மணலில் ஓடவிட ஒரு சங்கம் ஆரம்பித்தார் மனிதர். யாராவது மெச்சினார்களா? "ஓடினா பசிக்குது வாத்தியாரே, நீயா சோறு போடுவே?" என்று தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள். தலைமையாசிரியர் அதற்கும் ஒரு படி மேலே போனார். இந்த வருஷப் பந்தயத்தில் பரிசு வராவிட்டால் சங்கத்துக்கு முழுக்கு. அந்த நேரத்தில் பிள்ளைகள் கத்தரிச் செடி வைக்கட்டும் என்றுவிட்டார்.

மாஸ்டர் மலைபோல் நம்பியது ரத்னாவை. ஆற்றங்கரைக் குடிசையில் இருக்கும் முனியம்மாளின் மகள், நாலாம் வகுப்பு. அவள் ஓடினால் பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள்.

போகப் போகத் தாய்மார்களும் அடங்கினார்கள். தம் பேச்சு எடுபட்டுவிட்டது என்று மாஸ்டர் பூரித்துப்போனார்.

பந்தயத்தன்று காலை பள்ளி வாசலில் ஈ, காக்கை இல்லை. தேடிக்கொண்டு போனால், மண்ணெண்ணெய்க் கடை முன்னால் நீள வரிசை. கிருஷ்ணாயில் வந்திருக்கிறதாம். கடை இன்னும் திறக்கவில்லை. வரிசையின் முன்னால், கையில் பாட்டிலோடு சங்கம் முழுவதும் நின்றுகொண்டிருந்தது. எண்ணெய் வண்டி வந்த சேதி கிடைத்ததும் பிள்ளைகளை ஓடவிட்டு இடம் பிடிப்பது கொஞ்ச நாளாகவே தாய்மார்களின் வழக்கமாம். அவர்கள் அடங்கிய லட்சணம் இதுதான்.

"நாங்கதான் சார் ஃபஸ்ட்டு" என்றாள் ரத்னா, பெருமையாக.

மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னிக்குப் பந்தயம்னு தெரியாதா? கெளம்புங்க எல்லாரும்."

ஒருவரும் அசையவில்லை.

"பாட்டில் காலியா போனா அம்மா தோலை உரிச்சிடும் சார். வூட்ல வெளக்கு ஏத்தியே ரொம்ப நாளாவுது" என்றாள் ரத்னா.

மாஸ்டர் எரிச்சலோடு வரிசைக்குள் புகுந்தார்.

"நீ போ. உன் இடத்துல நான் நிக்கிறேன்."

மற்றவர்களுக்கும் சேர்த்து நிற்கலாம் என்றால் கடை திறக்க வந்த சேட்டு ஒப்பவில்லை. "ஒரு ஆளுக்கு ஒரு பாட்டில்தான் நைனா. வாத்தியாரா இருந்தா இன்னா?"

ரத்னா பாட்டிலை அவர் கையில் திணித்துவிட்டு மைதானத்துக்குப் பறந்தாள். மாஸ்டர் வேகாத வெயிலில் நின்றபடி மனத்துக்குள் பந்தயத்தை நடத்திக்கொண்டிருந்தார். இப்போது விசில், இப்போது திருப்பம், இப்போது பையன்கள் பின்னால். பாட்டில் நிறைந்தபோது, அவள் ஜெயித்தே விட்டாள் என்று முடிவுகட்டியிருந்தார்.

ரத்னா முகம் தொங்கிப்போய் வந்தாள்.

"எத்தனாவதும்மா?"

"ஓடவே வுடல சார். கூட வாத்தியார் வராத புள்ளைய சேத்துக்க மாட்டோம்னு தொரத்திட்டாங்க."

அவருக்குத் தெரியாத விதியா அது? அவசரத்தில் மறந்துபோயிருந்தது. பிள்ளைகளைத் தனியே அனுப்பிவிட்டு வீட்டில் தூங்கும் வாத்தியார்களுக்குப் புத்தி வரட்டும் என்று, போன வருஷப் பந்தயக் கமிட்டிக் கூட்டத்தில் மேஜையைத் தட்டி அந்த விதியைக் கொண்டுவரச் செய்தவரே அவர்தான். யாரைத் திட்டுவதென்று தெரியாமல் பாட்டிலை நீட்டினார்.

"பரவால்ல சார்" என்று பாட்டிலை வாங்கிக்கொண்டாள் ரத்னா. ஒரு சொட்டும் சிந்திவிடக் கூடாதே என்று, அடிமேல் அடி வைத்து வீட்டுக்கு நடந்தாள்.