ஏழாம் வகுப்பின் வெற்றுத் தாள்கள்

எங்கள் மேடத்துக்கு நகரத்துப் பள்ளிகளில் ஒரு பட்டப்பெயர் உண்டு. காலண்டர் மேடம். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள், அவர் படியிறங்கிப் போன பிறகுதான் சொல்வார்கள். அவருக்கும் அது தெரியும். "நல்லவேளை, கடிகாரம்னு வைக்கல. மணிக்கு ஒரு தடவ திட்டு விழுந்திருக்கும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

மாநகரக் கல்வி அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறது பாடத்திட்டப் பிரிவு. இருநூற்றுப் பன்னிரண்டு பள்ளிகளில் எந்த வகுப்புக்கு எந்தப் பாடத்தை எந்த வாரம் நடத்துவது என்று அங்கேதான் முடிவாகும். முடிவு செய்தவர் மேடம், தட்டச்சு செய்தவள் நான். பதினோரு வருடம் அவர் சொல்லச் சொல்ல அடித்திருக்கிறேன். என் மணிக்கட்டு வலியில் பாதி அவர் உபயம்.

அதற்கு முன் பதினாலு வருடம் அவர் கணக்கு டீச்சர். பஸ் டிப்போவை ஒட்டிய பள்ளி, பிள்ளைகள் எல்லாம் வாடகை வீட்டுப் பிள்ளைகள். வீடு மாறினால் பள்ளி மாறும். ஒரு பெண் ஒரே வருடத்தில் மூன்று பள்ளி மாறி, மூன்றிலும் தசமப் பாடத்தையே படித்துவிட்டு வேறொன்றும் படிக்காமல் பாஸாகிப் போனாளாம். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடக் காலண்டர். எந்தப் பள்ளிக்கு மாறினாலும் விட்ட இடத்திலிருந்து படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று அதைக் கொண்டுவந்தார்.

கமிஷனர் போனில் வந்தால் நாங்களெல்லாம் நாற்காலியை விட்டு எழுந்து பேசுவோம். மேடம் சாய்ந்து உட்கார்ந்தபடியே பேசுவார். கேட்டால், "நான் எந்திரிச்சா அவருக்குத் தெரியவா போகுது?" என்பார். தலைக்கனம் என்று நானும் கொஞ்சநாள் நினைத்திருக்கிறேன்.

இப்போது எங்கள் அலுவலகத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வருடக் கடைசியில் பிள்ளைகளின் பழைய நோட்டுகள் பழைய பேப்பருக்குப் போவதற்கு முன் எங்கள் கிடங்குக்கு வரும். எங்கள் அலுவலக உதவியாளர் அவற்றில் எழுதாத தாள்களைக் கிழித்தெடுத்து, அளவாக வெட்டி, ஊசி நூலால் தைத்து குறிப்பேடு செய்துவிடுவார். அதனால் அவர் ஊசி அண்ணன். கமிஷனர் மேஜையிலிருந்து வாட்ச்மேன் ஸ்டூல் வரைக்கும் அவர் தைத்த குறிப்பேடுதான். அரசாங்கம் தரும் தாளைவிட நன்றாக இருக்கும், மை ஊறாது.

ஒரு நாள் மேடம் புதுக் குறிப்பேட்டைப் பிரித்து ஏதோ எழுதப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். முதல் தாளின் மேலே சிவப்பு மையில் 'விகிதம்' என்று ஒரு குழந்தை எழுதியிருந்தது. கீழே இரட்டைக்கோடு, கோட்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பூ. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"அண்ணே, இது எங்கேர்ந்து வந்தது?"

"ஏழாங்கிளாஸ் கணக்கு நோட்டும்மா" என்றார் ஊசி அண்ணன். "கண்ணாடி ஒடஞ்சு போச்சு, தலைப்ப வெட்டாமத் தச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க."

"வழக்கமா வெட்டிடுவீங்களா?"

"ஆமாம்மா. எல்லா நோட்டுலயும் இதே தலைப்புதான். வருஷ ஆரம்பத்துலயே ஒவ்வொரு பாடத்துக்கும் பிள்ளைங்க தாள் ஒதுக்கி வச்சிடுமில்ல? இதுல மட்டும் பதினஞ்சு தாள் சுத்தமாக் கெடைக்கும். மத்த நோட்டெல்லாம் எதுக்கும் ஆகாது, அட்டை வரைக்கும் எழுதி வச்சிருக்கும்ங்க. நம்ம ஆபீஸே இந்தப் பதினஞ்சு தாள்லதான் ஓடுது."

"எந்த ஸ்கூல்?"

"எந்த ஸ்கூல்னு இல்லம்மா. எல்லா ஸ்கூலும்தான்."

"எத்தன வருஷமா?"

அவர் விரல்விட்டு எண்ணினார். "ஒம்போது இருக்கும். அதுக்கு முன்னாடியெல்லாம் தாள் கெடைக்காம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

மேடம் நேரே கிடங்குக்கு இறங்கினார். நானும் பின்னால் போனேன். மதியம் முழுக்கத் தரையில் உட்கார்ந்து பள்ளிக்கு ஒரு ஏழாம் வகுப்பு நோட்டாகப் பிரித்துப் பார்த்தோம். தும்மித் தும்மி என் மூக்கே கழன்றுவிடும் போலிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டில் இருநூற்றாறு, தலைப்போடு நின்றிருந்தன. மீதி ஆறில் ஏதோ எழுதியிருந்தது. அதிலும் இரண்டு, கட்டம் போட்டு விளையாடியது.

காரணம் எனக்கே தெரியும், அடித்தவள் நான்தானே. வருடத்துக்கு முப்பத்தாறு வாரம். முப்பத்தோராம் வாரம் மாநகரத் தேர்வு. அதுவரை நடத்திய பாடத்திலிருந்துதான் கேள்வி வரும். விகிதம் முதலில் இருபதாம் வாரத்தில் இருந்தது. பிள்ளைகள் அதில்தான் நிறைய மதிப்பெண்ணைக் கோட்டை விட்டார்கள். ஒன்பது வருடம் முன்பு ஒருநாள் மேடம் சொன்னார்: "விகிதத்தத் தூக்கி முப்பத்திமூணாவது வாரத்துல போடு. தேர்வு பயம் இல்லாம நிதானமா நடத்தட்டும்." போட்டேன். அந்த வருடம் தேர்ச்சி சதவீதம் எழுபத்திரண்டிலிருந்து எண்பத்தொன்றுக்கு ஏறியது. மேடத்துக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். எங்கள் அறைக் கண்ணாடி அலமாரியில் அதை நானே வாரம் ஒருமுறை துடைத்து வைத்தேன்.

"நடத்தச் சொல்லித்தானே மேடம் போட்டோம்?" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

எள்ளும் கொள்ளும் வெடித்தது அவர் முகத்தில். "தேர்வு முடிஞ்சப்புறம் யார் நடத்துவா? பேப்பர் திருத்துவாங்களா, பாடம் நடத்துவாங்களா? பதினாலு வருஷம் நானே டீச்சரா இருந்தேனே, தேர்வு முடிஞ்ச மறுநாள் நான் என்னத்தக் கிழிச்சேன்? தெரிஞ்சேதான் போட்டிருக்கேன். தெரியாத மாதிரி இருந்திருக்கேன்."

அப்புறம்தான் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரு எட்டாம் வகுப்பு கணக்கு டீச்சர் ஞாபகம் வந்தது. போன வருடம் அந்த அம்மாவுக்கு மேடம் ஒரு மெமோ அனுப்பியிருந்தார், காலண்டரைவிட ஒரு மாதம் பின்தங்கியதற்கு விளக்கம் கேட்டு. 'மாணவர்களுக்கு விகிதமே தெரியவில்லை, முதல் மாதம் அதை நடத்த வேண்டியிருந்தது' என்று அவர் எழுதிய பதிலை மேடம் சாக்கு என்று ஒதுக்கிவிட்டார். அந்த வருட ஊதிய உயர்வும் அந்த அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

மேடம் அந்தப் பள்ளிக்குப் போன் போட்டார். எழுந்து நின்றுகொண்டுதான் பேசினார். பதினோரு வருடத்தில் அன்றுதான் பார்த்தேன்.

"டீச்சர், நீங்க எழுதினது சரி. தப்பு என்னுது. மன்னிச்சிடுங்க."

அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "மெமோவ எழுத்துல குடுத்தீங்க மேடம். மன்னிப்பையும் எழுத்துல குடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. மேடத்துக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. "கேக்கறது நியாயம்தானே" என்று சொல்லி உட்கார்ந்தார். "அடி. எட்டாம் வகுப்பு கணக்கு எடுக்கிற எல்லாருக்கும். இருநூத்திப் பன்னிரண்டு காப்பி, ஒவ்வொண்ணுலயும் நான் கையெழுத்துப் போடணும், சீல் வைக்கணும்." கடிதம் நாலே வரி. விகிதப் பாடத்தைத் தேர்வுக்குப் பின்னால் தள்ளியது தவறு, அந்தத் தவறு என்னுடையது, அதன் சுமையை ஒன்பது வருடம் நீங்கள் சுமந்தீர்கள், வரும் வருடம் பாடம் இருபதாம் வாரத்துக்குத் திரும்புகிறது.

மறுநாள் பத்தரை மணிக்கே கடிதத்தின் ஒரு காப்பி கமிஷனர் மேஜைக்குப் போய்விட்டது. எங்கள் அலுவலகத்தில் கோப்பு நகர ஒரு மாதம் ஆகும், கோள்மூட்ட ஒரு ராத்திரி போதும். குறிப்பெடுக்க என்னையும் மேடம் கூட அழைத்துப் போனார்.

கமிஷனர் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. நாற்காலி காட்டினார், டீ சொன்னார். "நீங்க சொல்றது நியாயம்தான், யார் இல்லேன்னா? ஆனா இதத் தேர்வுக்கு முன்னாடி கொண்டாந்தா ரிசல்ட் விழும்."

"விழும் சார். ஏழெட்டு பாயிண்ட் விழும்."

"ஒரு வருஷம் பொறுங்க. நான் ரிட்டையராயிடறேன். உங்கள துணைக் கமிஷனரா உயர்த்தற ஃபைல் இதோ என் கைக்குக் கீழதான் இருக்கு, ஒரு கையெழுத்து பாக்கி. அதுவரைக்கும், தேர்வுக்கப்புறம் கட்டாயம் நடத்தணும்னு கண்டிப்பா ஒரு சர்க்குலர் போட்டுடலாம்" என்று சொல்லிக்கொண்டே குறிப்பேட்டை இழுத்து 'சர்க்குலர்' என்று எழுதினார்.

"சார், நீங்க எழுதற தாள் எந்தப் பாடம்னு தெரியுமா?" என்றார் மேடம்.

கமிஷனர் நிமிர்ந்தார்.

"ஏழாம் வகுப்பு, விகிதம். பிள்ளைங்க நமக்காக ஒதுக்கி வைக்கல சார், படிக்கறதுக்காக ஒதுக்கி வச்சாங்க. வருஷத்துக்குப் பதினெட்டாயிரம் பிள்ளைங்க. நாம அதுல பால்காரர் போன் நம்பர் எழுதிட்டிருக்கோம். இன்னொரு வருஷம் என்னால முடியாது. ஃபைல நீங்களே வச்சுக்குங்க."

அந்த நிமிடம் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. கமிஷனர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்தத் தாளில் அதற்குமேல் எழுத அவருக்கும் கை வரவில்லை.

காலண்டர் என்பது மேடத்தின் கையெழுத்தில் போவது, அதற்குக் கமிஷனர் ஒப்புதல் தேவையில்லை. அன்று மதியமே திருத்தி முடித்தோம். விகிதம் இருபதாம் வாரத்துக்கு ஏறியது. முப்பத்திமூன்றில் என்ன போடுவது என்று கேட்டேன். "நோட்டே வேணாம். மைதானத்த அளக்கட்டும், மரத்தோட நிழல அளக்கட்டும். அத எப்ப சொன்னாலும் பிள்ளைங்க செய்யும்" என்றார்.

மூன்று மணிக்கு என் மேஜைப் போன் அடித்தது. கமிஷனர். வழக்கம்போல எழுந்து நின்றேன்.

"அந்தக் காலண்டர அனுப்ப வேணாம்மா. நிறுத்தி வை."

"அனுப்பியாச்சு சார்."

போனை வைத்தேன். உட்கார்ந்தேன். கணினியில் பொத்தானை அழுத்தினேன், இருநூற்றுப் பன்னிரண்டு பள்ளிக்கும் போனது.

மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொய் சொன்னியா?"

"சொன்னப்ப பொய். இப்ப உண்மை மேடம்."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

வருடம் ஓடியது. தேர்வு வந்தது. தேர்ச்சி எண்பத்தொன்றிலிருந்து எழுபத்திமூன்றுக்கு இறங்கியது. செய்தித்தாளில் மேடத்தின் படத்தைப் போட்டுக் கிழித்தார்கள். ஒன்பது வருடம் அவரால் ஏறியதாக யாரும் எழுதவில்லை, இறங்கியது மட்டும் அவரால்தான் என்று கட்டம் கட்டிப் போட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தாளை வைத்து ஜன்னல் துடைத்தேன். விளக்கம் கேட்டு மெமோ வந்தது, ஆதாரமாக அவருடைய மன்னிப்புக் கடிதத்தையே இணைத்திருந்தார்கள். மேடம் பதிலை ஒரே வரியில் சொல்ல, நான் அடித்தேன்: 'மதிப்பெண் குறையவில்லை. இத்தனை வருடம் எண்ணாமல் விட்டதை இப்போது எண்ணியிருக்கிறோம்.'

பதவி போயிற்று. எந்த இடம் வேண்டும் என்று மரியாதைக்குக் கேட்டார்கள். ஏழாம் வகுப்பு கணக்கு, டிப்போ பக்கத்துப் பள்ளி என்றார். தண்டனைக்குப் போகிறவர் தானே இடம் கேட்டு வாங்கியதில் அவர்களுக்குத்தான் சப்பென்று ஆகிவிட்டது. அவர் வீட்டுக்காரர் அந்த டிப்போவில்தான் மெக்கானிக். "பதவி போச்சுன்னு சொன்னேன். அப்பாடா, இனிமே சாயங்காலம் பால் வாங்கறது உன் வேலைன்னுட்டார்" என்று சிரித்தார். கேடயத்தை எடுத்துக்கொள்ளவில்லை. தலைப்பு வெட்டாத அந்த ஒரு குறிப்பேட்டை மட்டும் பையில் வைத்துக்கொண்டார். அன்று நான் பாத்ரூமில் போய் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வந்தவருக்கு என் தம்பி வயது, பட்டங்கள் மட்டும் பெயர்ப் பலகையில் இரண்டு வரி. வந்த மூன்றாம் நாளே "விகிதத்த மறுபடியும் முப்பத்திமூணுல போடுங்க" என்றார். இந்தச் செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். அடுத்த திங்கட்கிழமை மூன்றாவது மாடி வராந்தா கொள்ளாமல் எட்டாம் வகுப்பு கணக்கு டீச்சர்கள் நின்றார்கள். ஆளுக்கொரு கடிதம் கையில், சீலோடு. முன்னால் அந்த மெமோ வாங்கிய டீச்சர்.

"இது தப்புன்னு இந்த ஆபீஸே எழுத்துல குடுத்திருக்கு சார்" என்றார். "இப்ப தப்பில்லேன்னா அதையும் எழுத்துல குடுங்க. கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு."

புதியவர் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போடவில்லை. விகிதம் இருபதாம் வாரத்திலேயே இருக்கிறது.

அந்த வாரம்தான் பழைய நோட்டுகள் கிடங்குக்கு வந்தன. ஊசி அண்ணன் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் தேடினார். மூன்றாம் நாள் வெறுங்கையோடு மேலே வந்து, ஒரு நோட்டை என் மேஜைமேல் போட்டார். விகிதம் பதினைந்து தாளிலும் போதாமல் பின்னட்டையின் உட்பக்கம் வரைக்கும் போயிருந்தது. அடித்தல், திருத்தல், தப்பு, சரி, சிவப்பு மையில் 'மறுபடி செய்'.

"ஒரு தாள் தேறலம்மா" என்றார் எரிச்சலாக. "இருநூத்திப் பன்னிரண்டு ஸ்கூல்லயும் ஒரு தாள் தேறல. சார் குறிப்பேடு கேக்கறாரு. நான் எங்க போவேன்?"

டிப்போ பக்கத்துப் பள்ளிக்குப் போன் போட்டேன். மேடம் லைனில் வந்தபோது நான் நின்றுகொண்டிருந்தேன். ஊசி அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அந்தப் பக்கம் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

"கடையில வாங்கிக்கச் சொல்லு" என்றார்.