பிரிக்காத கிராஷ் கார்டு பெட்டி

போன மாசம் என் புது பைக்குக்கு என் மனைவியே ஒரு கிராஷ் கார்டு வாங்கிக் குடுத்தா. "வண்டி சாஞ்சா இந்தக் கம்பி தாங்கிக்குமாம், கால் மாட்டாதாம்"னா.

"ரெண்டு பக்கமும் மாட்டுக் கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு, வண்டி அழகே போயிடும்"னு சொல்லி, பெட்டியப் பிரிக்காமலே பரண்ல போட்டேன்.

இன்னிக்குக் காலையில ரெண்டு பேரும் மீன் வாங்க தவளக்குப்பம் போனோம். அவ எப்பவும் போல ஒரு பக்கமா உக்காந்திருந்தா. கடை முன்னால நிறுத்தி இடது கால ஊனினேன். கீழ மீன் கழுவின தண்ணி. கால் வழுக்கிடுச்சு. நின்ன வண்டி அப்படியே சாஞ்சு அவ பாதத்து மேல விழுந்துச்சு.

தூக்கி நிறுத்தினதும் குனிஞ்சு டேங்க்ல கோடு விழுந்திருக்கான்னு பாத்தேன். ஆமாங்க, முதல்ல அதத்தான் பாத்தேன்.

மீன் விக்கிற அம்மா கத்துச்சு: "யோவ், டேங்க அப்புறம் தடவு! பொண்டாட்டி காலப் பாருய்யா!"

நல்லவேளை, எலும்பு முறியல. ஆனா நல்லா வீங்கிடுச்சு. கால ஒசரமா வச்சிக்கச் சொன்னார் டாக்டர். வீட்டுக்கு வந்து தலகாணி வச்சேன், பத்தல.

"பரண்ல ஒரு பெட்டி சும்மாத்தான கெடக்கு, அத எடு"ன்னா.

இப்ப அவ கால் அந்தப் பெட்டி மேலதான் இருக்கு. திட்டுவான்னு பாத்தேன். "டேங்க்ல கோடு கீடு விழலயே?"ன்னு மட்டும் கேட்டா.

விழல. அதான் அவ கால் தாங்கிக்கிச்சே.

இத எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவகிட்ட சொல்றது? கல்யாணமானவங்க யாராவது சொல்லுங்க.