விட்டுக்கொடுத்த டிரா

ஜவ்வாது மலையில் அங்கன்வாடி டீச்சராக இருக்கும் தேவயானிக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் செஸ். காலை பஸ்ஸைப் பிடித்து ஒடுகத்தூருக்கு இறங்கிவிடுவாள். உரக்கடை மாடியில் நடக்கும் கிளப்பில் அவள் ஒருத்திதான் பெண். செங்கத்து ஹாஸ்டலில் படித்த காலத்தில் பழகிய ஆட்டம். கல்யாணமாகி, குழந்தைகள் பிறந்தும் அதை மட்டும் யாருக்காகவும் விடவில்லை.

போன மாசியில் வேலூர் போட்டிக்கு இரண்டு பேரை அனுப்புவதென்று கிளப்பில் முடிவானது. கடைசி ஆட்டம் அவளுக்கும் பார்த்திபனுக்கும். உரக்கடை அவருடையது, கிளப் செயலாளரும் அவரே. இருவரும் சமமாக முன்னால் இருந்தார்கள். ஒரு புள்ளி பின்னால் ரமேஷ்.

படிக்கட்டிலேயே பார்த்திபன் அவளை நிறுத்தினார். "டீச்சர், டிரா பண்ணிட்டா ரெண்டு பேருமே போய்டலாம். யாரு தோத்தாலும், ரமேஷ் அவன் ஆட்டத்த ஜெயிச்சிட்டா அந்த எடத்துக்குப் போட்டிக்கு வந்துடுவான்."

அவள் கொஞ்சம் யோசித்து, "சரிங்க" என்றாள்.

ஆட்டம் பாதி தாண்டியதும் பார்த்திபன் அசட்டையாக ஒரு சிப்பாயைத் தள்ளினார். தேவயானி அதைக் கவனித்துவிட்டாள். குதிரையைத் தாவவிட்டால் ராஜாவுக்குச் செக், கூடவே ராணியும் போகும். நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண்ணும் அதே கட்டத்தில்தான் நின்றது, முகம் வெளுத்திருந்தது. கொடுத்த வார்த்தையை நினைத்து அவள் யானையை நகர்த்தினாள். அவர் அவசரமாக ராணியை ஒதுக்கிக்கொண்டார். பிறகு இருவரும் அதே காய்களை முன்னும் பின்னும் வைத்து, டிரா என்று கை குலுக்கி எழுந்தார்கள்.

அடுத்த ஞாயிறு போனபோது, பார்த்திபனும் ரமேஷும் போவதாகச் சொன்னார்கள்.

"இன்னாங்க இது?"

"ராத்திரி அங்கயே தங்கணும் டீச்சர். மலைலேர்ந்து ஒரு பொம்பள வந்து போறது சரிப்படாதுன்னு எல்லாரும் பேசித்தான் முடிவு பண்ணோம்."

"என்னைக் கேட்டீங்களா?"

"உங்க நல்லதுக்குத்தாங்க," என்று பார்த்திபன் கீழே கடைக்கு இறங்கிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து ஊர் சரிதா சொன்னாள்: "அன்னைக்கு அவருதான் உனக்கு டிரா வுட்டுக் குடுத்தாராமே? பொம்பள, பாவம்னு. கடைல சொல்லிட்டிருந்தாரு."

தேவயானி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் குதிரைத் தாவலைப் பார்த்தவர் அவளைத் தவிர அவர் ஒருவர்தான்.

இப்போதும் கிளப்புக்குப் போகிறாள். பார்த்திபன் அவளெதிரே உட்காருவதில்லை. மற்றவர்கள் டிரா கேட்டால், "ஆடலாங்க" என்பாள். அப்படி ஆடி, சமமாக முடியவேண்டிய எத்தனையோ ஆட்டங்களைத் தோற்றும் இருக்கிறாள்.